கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

பழைய மோட்டார் சைக்கிளுக்கு வரும் கோளாறுகளிலேயே பொல்லாதது, வந்து வந்து போகும் கோளாறுதான். அடியோடு நின்றுபோன வண்டியைச் சரிசெய்வது சுலபம். எந்த உறுப்பு செத்ததோ அது செத்தபடியே மெக்கானிக்கின் கைக்குக் கிடைத்துவிடும். ஆனால், புதுச்சேரியின் முருங்கப்பாக்கத்திலிருந்து ஒழுங்காக ஓடிவந்து, நோணாங்குப்பம் பாலம் தாண்டியதும் திணறத் தொடங்கி, தவளக்குப்பம் சந்திப்பில் சட்டென்று அணைந்து, பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவைத்தால் ஒரே உதையில் கிளம்பிவிடுகிற வண்டியை என்ன செய்வது? பட்டறைக்குப் போய்ச் சேரும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தால் பொறி வரும். "கரண்ட் நல்லாத்தானே வருது" என்பார் மெக்கானிக். ஆனாலும் வந்தவரைச் சும்மா அனுப்ப முடியாது என்பதால் ஒரு புது பிளக் மாட்டப்படும். அடுத்த முறை காயில், அதற்கடுத்த முறை பொறியைத் தூண்டும் சிடிஐ பெட்டி என்று செலவு நீளும். கடைசியில் பாதி மின் உறுப்புகள் புதிதாகியிருந்தும் வண்டி அதே சந்திப்பில் நிற்கும்.

இதற்கு மெக்கானிக்கின் அறியாமையைக் காரணம் சொல்வோர் உண்டு, பேராசையைச் சொல்வோரும் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் நியாயமில்லாத பழி. கோளாறைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம் யாரும் கூலி தருவதில்லை என்பதுதான் மூல காரணம். ஸ்பேருக்குக் காசு தருகிறோம், அதை மாட்டியதற்கும் தருகிறோம். இரண்டு மணி நேரம் வயரை வயராகத் தடவிப் பார்த்து, எதையும் மாற்றாமல், துருவேறிய ஒரு கனெக்டரைச் சுரண்டிக் கொடுத்தவரிடம் "எதையும் மாத்தலையே அண்ணே, இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்கிறோம். தேடியவருக்கு ஒன்றுமில்லை, மாற்றியவருக்கு வருமானம் உண்டு என்ற ஏற்பாட்டில் எந்தத் தொழிலாளியும் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பழுதைக் கண்டுபிடிப்பது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி உண்டு என்பதை வண்டிக்காரர்களும் பட்டறைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏற்றுக்கொண்டால்தான் இந்தச் சுழல் நிற்கும்.

இது பழைய வண்டிமேல் பிரியம் கொண்ட சிலரின் கவலை மட்டுமென்று ஒதுக்கிவிட முடியாது. அரியாங்குப்பம் கொம்யூனிலும் அதற்குத் தெற்கே பாகூர் பக்கத்திலும் விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தால் போதும். நல்லவாட்டிலிருந்து மீன்கூடையோடு வரும் வண்டிகள், கட்டட வேலைக்கு இரண்டு பேரையும் சட்டிகளையும் சுமந்து போகும் வண்டிகள், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் பறக்கும் வண்டிகள் என்று பிழைப்பே இரண்டு சக்கரத்தில்தான் ஓடுகிறது. அவற்றில் கணிசமானவை பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியவை. ஹீரோ ஹோண்டா என்ற பெயரே வண்டிகளில் வராமல் போன பின்பும் அந்தப் பெயர் பொறித்த ஸ்பிளெண்டர்கள் ஓடுகின்றன. 1996இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 இன்னும் ஓடுகிறது. பாயின்ட் என்ற இக்னிஷன் தொடுமுனை வைத்த பழைய புல்லட்டுகளும் ஓடுகின்றன. இப்படியொரு வண்டி வழியில் நின்றால் அன்றைய கூலி போகும், மீன் கெடும், ஷிப்டுக்கு வெளியே நிற்க நேரும். வேகமாக வரும் பேருந்துக்கு முன்னால் எஞ்சின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கோளாறு ஏன் இவ்வளவு எளிதில் ஒளிந்துகொள்கிறது என்பதைப் பார்த்தால்தான் தேடும் வேலையின் மதிப்பு புரியும். பேட்டரியின் 12 வோல்ட்டையோ, மேக்னெட் காயில் தரும் மின்சாரத்தையோ பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, சரியான நொடித்துளியில் பிளக்கின் முனையில் பொறியாக வெடிக்கச் செய்வதுதான் இக்னிஷன் அமைப்பின் வேலை. நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 2,000 பொறி வேண்டும், டூ ஸ்ட்ரோக்குக்கு 4,000 வேண்டும். அவற்றில் சில தவறினாலே வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கும். இந்தப் பாதையில் சாவி லாக், கில் ஸ்விட்ச், ஃபியூஸ், ஹேண்டில் கழுத்தில் வளைந்து வளைந்து நொந்துபோன வயர்கள், பாயின்ட்டும் கண்டென்சரும் அல்லது பல்சர் காயிலும் சிடிஐ பெட்டியும், இக்னிஷன் காயில், பிளக் வயர், பிளக் கேப், பிளக், இத்தனைக்கும் பொதுவான எர்த் என்று பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான்: எஞ்சின் அணையும். வண்டி எங்கே வலிக்கிறது என்று சொல்லாது.

இதில் வெப்பம் செய்யும் வேலை தனி. இக்னிஷன் காயிலுக்குள் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அதன் ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், குளிர்ந்திருக்கும்போது இரு முனைகளும் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும். எஞ்சின் சூட்டில் எல்லாம் விரியும்போது முனைகள் விலகிப் பாதை அறுந்துவிடும். வண்டியை நிறுத்திவைத்தால் ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். மேக்னெட் தகட்டில் இருக்கும் சோர்ஸ் காயிலுக்கும் இதே கதிதான். மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பவரையும் வெப்பம் ஏமாற்றும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 10 ஓம் காட்டும் நல்ல காயில் 80 டிகிரியில் ஏறக்குறைய 12.4 ஓம் காட்டும். சர்வீஸ் கையேட்டில் இருப்பது குளிர்ந்த நிலையின் எண். அதைத் தெரியாதவர், சூடாக இருக்கும் நல்ல காயிலைக் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடுவார். ஆறிய பிறகு அளப்பவர், விரிசல் விட்ட காயிலை நல்லது என்று திருப்பி மாட்டுவார். எப்போது அளந்தோம், எந்தச் சூட்டில் அளந்தோம் என்ற விவரம் இல்லாத அளவு ஒன்றையும் நிரூபிக்காது.

பாயின்ட் வண்டிகளில் கண்டென்சர் என்ற சிறு உருளை இருக்கிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் அங்கே பொறி பறந்து முனைகள் தீயாமல் காப்பதும், காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து உயர் மின்னழுத்தம் பிறக்க உதவுவதும் அதன் வேலை. அது பழசாகிச் சூட்டில் கசியத் தொடங்கினால் காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, அரை மணி நேரம் ஓடியதும் திணறும். திறந்து பார்ப்பவருக்கு முனை தீய்ந்த பாயின்ட்தான் கண்ணில் படும். அதை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தால் வண்டி சில நாள் ஓடும். தீய்த்த கண்டென்சர் அங்கேயே இருப்பதால் பாயின்ட் மறுபடி தீயும். கண்ணில் பட்டது விளைவு. காரணம் பக்கத்திலேயே, பளபளப்பு மாறாமல் உட்கார்ந்திருக்கும். மேக்னெட்டால் இயங்கும் சிடிஐ வண்டிகளில் சிக்கல் வேறு விதம். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தும்போது பல மாடல்களில் உண்மையில் நடப்பது, ஒரு வயர் எர்த்தோடு சேர்வது. ஆகவே, அந்த வயரின் உறை டேங்குக்கு அடியில் எங்கோ உரசித் தேய்ந்து சட்டத்தில் பட்டால், குழி வரும்போதெல்லாம் எஞ்சின் தானாக அணையும். பேட்டரி இக்னிஷன் வண்டியில் வயர் அறுந்தால் நிற்கும். இதில் வயர் தொட்டால் நிற்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்தவர் சில நிமிடங்களில் பிடித்துவிடுவார். தெரியாதவர் சிடிஐ பெட்டியை மாற்றிக்கொண்டிருப்பார்.

நம் ஊரின் காற்றும் மழையும் இதைக் கடினமாக்குகின்றன. தவளக்குப்பத்திலிருந்து பூரணாங்குப்பம், நல்லவாடு வழியாகக் கடல் கூப்பிடு தூரம். உப்பு கலந்த ஈரக்காற்று கனெக்டர்களுக்குள் புகுந்து செம்பின்மேல் பச்சைப் படிவத்தை ஏற்றுகிறது. எர்த் போல்ட்டின் அடியில் துருவை வளர்க்கிறது. அந்தப் படிவம் காய்ந்திருக்கும்போது ஒரு மாதிரியும் ஈரத்தில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிளக் கேப்பின் வெடிப்பில் ஈரம் இறங்கினால், பொறி பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்புக்குத் தாவிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. தெருக்களில் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. மூழ்கிய வண்டியின் எஞ்சினைக் கழுவி, ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம். வயரிங்கின் உறைக்குள் புகுந்த நீர் மாதக் கணக்கில் செம்பைத் தின்றுகொண்டிருக்கும். அரிப்பு முற்றி வண்டி மக்கர் செய்யும் நாளில் வெள்ளத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் நாம் நம்பும் சோதனையோ ஒன்றே ஒன்று: பிளக்கைக் கழற்றி எஞ்சினில் வைத்து உதைத்து, பொறி வருகிறதா என்று பார்ப்பது. பொறியே வராவிட்டால் அது உபயோகமான சோதனை. பொறி வந்தால், இக்னிஷன் நன்றாக இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரு முனைகளுக்கு இடையே பொறி பாயத் தேவைப்படும் மின்னழுத்தம், இடைவெளியோடு காற்றின் அழுத்தத்தையும் பொறுத்தது என்று ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் 1889இலேயே காட்டினார். திறந்த வெளியில் 0.7 மில்லிமீட்டர் பிளக் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட் போதும். கலவை இறுக்கி அழுத்தப்பட்டிருக்கும் சிலிண்டருக்குள் அதே இடைவெளிக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். நோஞ்சான் காயில் வெளியே பொறியைக் காட்டிவிட்டு உள்ளே, அதிலும் ஆக்ஸிலேட்டரைத் திருகும் நேரத்தில், கைவிட்டுவிடும். ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி வைத்த சோதனைக் கருவியில் பொறி தாண்டுகிறதா என்று பார்ப்பதே இதைவிட நம்பகமானது. அந்தக் கருவி விலை குறைந்தது. ஆனாலும் சோதனைக்குக் காசில்லாத இடத்தில் சோதனைக் கருவிக்கு யார் செலவழிப்பார்?

இக்னிஷன் கோளாறு என்று நினைப்பதில் ஒரு பங்கு இக்னிஷனே அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், சில கிலோமீட்டர் ஓடியதும் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோல் இறங்காது. எஞ்சின் அணையும். சற்று நேரத்தில் காற்று கசிந்து புகுந்துவிட, வண்டி கிளம்பிவிடும். காயில் சூட்டில் அறுந்த வண்டி நடந்துகொள்வதுபோலவே இதுவும் நடந்துகொள்ளும். வால்வு இடைவெளி தேவைக்குக் குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். அதுவும் ஆறினால் சரியாகிவிடும். இந்த மூன்றையும் பிரித்தறிய வண்டி நின்ற முதல் இரண்டு நிமிடங்கள்தான் வாய்ப்பு. டேங்க் மூடியைத் திறந்ததும் கிளம்புகிறதா? கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் வருகிறதா? கைவசமுள்ள வேறொரு நல்ல பிளக்கில் பொறி வருகிறதா? பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் சாட்சி கலைந்துவிடும்.

இந்த நிலையில் 'மாற்றிப் பார்ப்போம்' என்ற வழக்கம் ஏன் தோற்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, உறுப்பை மாற்றும் செயலே தற்செயலாக வேறொன்றைச் சரிசெய்துவிடும். பிளக் மாற்றுவதற்குக் கேப்பைப் பிடுங்கித் திரும்ப அழுத்தும்போது, கேப்புக்குள் துருவேறிய தொடுமுனை சுத்தமாகிவிடும். வண்டி ஓடும், பாராட்டு பிளக்குக்குப் போகும். துரு திரும்ப ஏறும்போது, புது பிளக்கே மட்டம் என்று தோன்றும். இன்னொன்று கணக்கு. சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல் வரும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். காயிலை மாற்றினோம், மூன்று நாள் வண்டி நிற்கவில்லை. சரியாகிவிட்டதா? ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் மூன்று நாள் தொடர்ந்து கோளாறு வராமலிருக்க நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. ஒன்பது நாள் வராமலிருந்தால்தான் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகக் குறைகிறது. அதாவது, கோளாறு வழக்கமாக வரும் இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் பொறுத்திருந்தால்தான் மாற்றிய உறுப்புக்குப் பலன் கிடைத்தது என்று ஓரளவு நம்பலாம். நாம் மறுநாளே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பழைய வண்டிக்கு இதில் இரட்டை நட்டம். உற்பத்தி நின்று பல ஆண்டுகளான மாடல்களுக்குக் கம்பெனி உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. சந்தையில் கிடைப்பவற்றில் தரமானவையும் உண்டு, தரமற்ற போலிகளும் உண்டு. குற்றமே செய்யாத அசல் காயிலைக் கழற்றி எறிந்துவிட்டு மட்டமான போலியை மாட்டும்போது, ஒரு கோளாறோடு வந்த வண்டி இரண்டு கோளாறோடு திரும்புகிறது. அதன்பிறகு வரும் மெக்கானிக்கால் எது பழைய நோய், எது புது நோய் என்று பிரிக்கவே முடியாது.

ஒழுங்காகத் தேடினால் எப்படி இருக்கும்? முதலில் கேள்விகள்: சூட்டில் நிற்கிறதா, மழையில் நிற்கிறதா, குழியில் நிற்கிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போதா? மெல்லத் திணறி நிற்கிறதா, ஸ்விட்சை அணைத்ததுபோல் நிற்கிறதா? நிற்கும்போது இன்டிகேட்டரும் ஹாரனும் வேலை செய்கின்றனவா? பிறகு, கோளாறை வரவழைப்பது. எஞ்சின் ஓடும்போதே ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புவது, சாவியையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பது, தலைமுடி உலர்த்தும் கருவியால் காயிலை மட்டும் சூடாக்குவது, இருட்டில் பிளக் வயர்மேல் நீரைப் பூந்தூறலாகத் தெளித்துப் பொறி எங்கே தாவுகிறது என்று கவனிப்பது. பேட்டரி இக்னிஷன் வண்டியென்றால், பாதையை நடுவில் பிளப்பது. காயிலுக்கு வரும் வயரில் ஒரு சிறு டெஸ்ட் லேம்ப்பை இணைத்து ஹேண்டில் அருகே கட்டிவிட்டு ஓட்டினால், வண்டி அணையும் கணத்தில் விளக்கும் அணைகிறதா என்று தெரிந்துவிடும். அணைந்தால் குற்றம் சாவி, ஸ்விட்ச், வயரிங் பக்கம். அணையாவிட்டால் காயிலிலிருந்து பிளக் வரையுள்ள பக்கம், அல்லது பாயின்ட். ஒரே கேள்வியில் சந்தேகப் பட்டியலின் பாதி கழிகிறது. இதற்குத் தேவைப்படும் கருவிகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு சிடிஐ பெட்டியின் விலையை ஒட்டித்தான் வரும். தேவைப்படும் நேரமும் கவனமும்தான் விலை கூடியவை. அந்த நேரத்துக்கு இன்று பில்லில் இடமில்லை.

மருத்துவத்தில் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. படபடப்பு எப்போதாவது வந்து போகிறது என்று சொல்லும் நோயாளிக்கு மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி இயல்பாகவே வரலாம். அதனால் உடம்பில் ஹோல்டர் கருவியைக் கட்டி, வழக்கமான வேலைகளைச் செய்யவிட்டு, 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். அதற்குக் கட்டணம் கட்டுகிறோம். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஒன்றும் இல்லை என்பதே நாம் வாங்கிய விவரம். காயிலில் குறையில்லை என்று உறுதியாகச் சொல்வதும் அப்படி ஒரு விவரம்தான். அது தேவையற்ற ஒரு செலவைத் தடுத்திருக்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: அன்றாடங்காய்ச்சியிடம் போய், வண்டியைப் பார்ப்பதற்கே காசு கொடு என்பது அடாது. ஆனால் அவர் இப்போதும் பார்ப்பதற்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வேண்டாத பிளக், வேண்டாத காயில், வேண்டாத சிடிஐ என்ற வேறு பெயர்களில் கொடுக்கிறார். அதோடு, வண்டி நின்ற நாட்களின் கூலியையும் இழக்கிறார். தேடும் கூலி என்று வெளிப்படையாக ஒரு தொகை பேசிக்கொண்டால், மொத்தச் செலவு குறையவே வாய்ப்பு அதிகம். அந்தத் தொகைக்கு மேல்வரம்பு முன்கூட்டியே பேசப்பட வேண்டும். எளிய கோளாறு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டால் இப்போதுபோல் சிறு கூலியோடு முடிய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஏழை வண்டிக்காரருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது மறுப்பு: காசை வாங்கிக்கொண்டு தேடாமலேயே 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டால்? இந்த ஆபத்து உண்மை. அதனால்தான் தேடும் கூலிக்கு ஈடாக ஒரு துண்டுச் சீட்டு கேட்க வேண்டும் என்கிறேன். எந்தெந்த இடம் சோதிக்கப்பட்டது, சூட்டிலா குளிர்ச்சியிலா, என்ன அளவு வந்தது, எது மீதி இருக்கிறது என்பதை நான்கு வரியில் எழுதித் தரலாம். மாற்றிய பழைய உறுப்பையும் வண்டிக்காரரிடமே திருப்பித் தர வேண்டும். அந்தச் சீட்டு அடுத்த பட்டறைக்குப் போனாலும் பயன்படும்; முதல் மெக்கானிக் செய்த வேலை வீணாகாது. இன்றைய வழக்கத்தில் ஒவ்வொரு மெக்கானிக்கும் முதலிலிருந்து தொடங்குகிறார், ஒவ்வொரு முறையும் பிளக்கிலிருந்தே தொடங்குகிறார். ஏமாற்றும் வாய்ப்பு இன்றைய ஏற்பாட்டில் குறைவு என்றும் சொல்ல முடியாது. நல்ல உறுப்பைக் கெட்டது என்று சொல்லி மாற்றினால் அதைக் கண்டுபிடிக்க வண்டிக்காரருக்கு இப்போது வழியே இல்லை.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது: புகை கக்கும் பழைய வண்டிகளை ஏன் காப்பாற்ற வேண்டும், கழித்துக் கட்டிவிட்டுப் புதிது வாங்கட்டுமே? புகையைப் பற்றிய கவலை சரியானது. ஆனால் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிதான் எரியாத பெட்ரோலை அப்படியே புகைக்குழாயில் தள்ளுகிறது. கோளாறைச் சரியாகக் கண்டுபிடிப்பதே புகையைக் குறைக்கும் முதல் படி. மேலும், 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க மோட்டார் வாகனச் சட்டமே இடம் தருகிறது. இரு சக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ரூபாயாக மத்திய அரசு உயர்த்தியது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்ட அனுமதிக்கும் அரசு, அந்த வண்டி பாதுகாப்பாக ஓடுவதற்கான தொழில் திறனையும் வளர்க்கக் கடமைப்பட்டது. இன்னொரு வண்டிக்குக் கடன் வாங்க முடியாத குடும்பத்திடம் கழித்துக் கட்டு என்பது, வேலைக்குப் போகாதே என்று சொல்வதற்குச் சமம்.

நான்காவதாக, இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டரே கோளாறைச் சொல்லிவிடும், இந்தத் திறன் இனித் தேவையில்லை என்பார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்–6 மாசு விதிகள் வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி முறை வந்தது. கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஓபிடி வசதியும் வந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஓபிடி காட்டும் குறியீடு, இந்தச் சுற்றில் மின்சாரம் சரியில்லை என்ற அளவில் நின்றுவிடும். அந்தச் சுற்றில் உள்ள சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயர் அறுந்ததா, கனெக்டரில் உப்பு பூத்ததா என்று ஒரு மனிதர்தான் பார்த்தாக வேண்டும். குறியீட்டைப் படித்தவுடன் சென்சாரை மாற்றுவது, பொறி வராததும் காயிலை மாற்றிய அதே பழக்கம்தான். உறுப்பின் விலை மட்டும் பல மடங்கு. புது வண்டிகளில் வயர்களும் கனெக்டர்களும் இன்னும் அதிகம். அவை பத்து ஆண்டு கடற்காற்றில் ஓடியபின் இந்தக் கலை இன்றைவிட அதிகம் தேவைப்படும்.

ஆகவே மாற்றம் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். பட்டறைக்காரர்கள், பெயின்ட்டில் எழுதிய சர்வீஸ் கட்டணப் பலகையில் 'பழுது கண்டறிதல்' என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். வண்டிக்காரர்கள், வண்டி எப்போது, எந்தச் சூட்டில், எவ்வளவு தூரத்தில், எந்த வானிலையில் நின்றது என்பதைக் கைப்பேசியிலாவது குறித்துவைத்துச் சொல்லலாம். அந்தக் குறிப்பு மெக்கானிக்கின் அரை நாளை மிச்சப்படுத்தும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இரு சக்கர, மூன்று சக்கர வாகன மெக்கானிக் பிரிவில் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுத் தருவதற்கு இணையாக, வந்து வந்து போகும் மின் கோளாறைத் தேடவும் கற்றுத் தர வேண்டும். ஆசிரியர் மறைத்துவைத்த தளர்ந்த கனெக்டரை, எந்த உறுப்பையும் மாற்றாமல், குறித்த நேரத்துக்குள் பிடிப்பது செய்முறைத் தேர்வில் கட்டாயக் கேள்வியாக வேண்டும். புதுச்சேரி அரசு தன் பயிற்சி நிலையங்களில் இதைத் தொடங்குவதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை; பழைய வண்டிகள் சிலவும் மல்டிமீட்டர்களும் போதும். ஏற்கெனவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மாலை நேர வகுப்பாகவும் இதை நடத்தலாம்.

வாகனக் கம்பெனிகளின் பங்கும் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. அது கவனம் செலுத்தும் துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. அந்த உரிமை வெறும் உதிரிப் பாகத்தோடு நின்றுவிடக் கூடாது. உற்பத்தி நின்ற மாடல்களின் வயரிங் வரைபடமும், ஒவ்வொரு காயிலும் எந்த வெப்பநிலையில் எவ்வளவு மின்தடை காட்ட வேண்டும் என்ற அட்டவணையும் எல்லோருக்கும் இலவசமாக, தமிழிலும் கிடைக்க வேண்டும். விற்று முடித்த வண்டியின் வரைபடத்தை வெளியிடுவதால் எந்தக் கம்பெனிக்கும் வியாபார நட்டம் இல்லை. சாலையோரப் பட்டறைக்கோ அது ஊகத்துக்கும் அறிவுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க உதவும்.

கையால் செய்யும் வேலையைக் காட்டிலும் கண்ணாலும் மூளையாலும் செய்யும் வேலை குறைந்தது என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம். ஆனால் பட்டறையில் அந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் விலை பூஜ்யம். அடுத்த முறை பழைய வண்டி வழியில் அணைந்து பட்டறைக்குப் போகும்போது, "எதை மாத்தணும்?" என்பதற்கு முன்னால், "கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும், அதுக்கு என்ன கூலி?" என்று கேட்போம். அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம், எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குவோம். எதையும் மாற்றாமல் வண்டியைச் சரிசெய்து தந்த மெக்கானிக்குக்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நமக்கு அதிகம் மிச்சப்படுத்தித் தந்தவர் அவர்தான்.